சல்ஃபர் பக்வீட் வளர்க்க: அமெரிக்காவின் மேற்கு மலைப்பகுதியில் புதிதாகத் தோட்டம் போடுவோருக்கு

டென்வர், சால்ட் லேக் சிட்டி, பாய்சி, ரீனோ பக்கம் வீடு வாங்கியவர்களுக்கு முதல் கோடையின் தண்ணீர் பில் வந்ததுமே முன்பக்கத்துப் புல்தரை கசந்துபோகும். டென்வரில் ஒரு வருடத்துக்கு மழையும் பனியுமாகச் சேர்த்து 370 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் விழுகிறது. சென்னையில் அது 1,400-ஐத் தொடும். டென்வரில் விழும் தண்ணீரில் பச்சைப் புல் வளர்ப்பது நம்மால் ஆகிற காரியம் இல்லை. புல்லை எடுத்துவிட்டு என்ன வைக்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பெயர் சல்ஃபர் பக்வீட். தாவரவியல் பெயர் எரியோகோனம் அம்பெல்லாட்டம்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் தொடங்கி தெற்கே கலிஃபோர்னியா, அரிசோனா, கிழக்கே மொன்டானா, கொலராடோ, நியூ மெக்சிகோ வரை வறண்ட மலைச்சரிவுகளில் தானாக வளரும் செடி இது. பொடிக்கல்லும் மணலுமாகக் கிடக்கும் இடத்தில், சேஜ்பிரஷ் புதர்களுக்கு நடுவே, பைன் மரங்களின் ஓரத்தில் பார்க்கலாம். ஒரு சாண், மிஞ்சினால் ஒன்றரைச் சாண் உயரம். தரையோடு பாயாகப் படரும். ஜூன், ஜூலையில் பளீரென்று மஞ்சளாகப் பூக்கும். பூ உதிராமல் நின்று ஆரஞ்சாகி, பிறகு செங்கல் நிறத்துக்கு வரும். குளிர் தொடங்கியதும் இலை மெரூன் நிறமாகும், ஆனால் கொட்டாது. மைனஸ் 30 டிகிரி செல்சியஸ் குளிரையும் தாங்கும்.

கடையில் விற்கும் பக்வீட் மாவுக்கும் இதற்கும் தூரத்து உறவுதான். வட இந்தியாவில் விரத நாளில் சாப்பிடும் குட்டு மாவு அந்தப் பக்வீட்டிலிருந்து வருவது. குடும்பம் ஒன்று, பேரினம் வேறு. அதைவிட நெருங்கிய சொந்தம் நம் ஊரிலேயே இருக்கிறது. மெக்சிகோவிலிருந்து வந்து காம்பவுண்டுச் சுவரெல்லாம் இளஞ்சிவப்பாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும் கொடி ரோஸ், இந்தச் செடியின் துணைக்குடும்பத்தைச் சேர்ந்தது. பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள்.

வேலையை ஆரம்பிக்கும் முன் ஒன்று. இந்தச் செடி செத்துப்போனால் பெரும்பாலும் காரணம் பட்டினி இல்லை, உபசாரம். நல்ல மண், நல்ல உரம், தினம் ஒரு வேளை தண்ணீர் என்று நாம் பழகிய மூன்றும் இதற்கு ஆகாது. கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் அந்த மூன்றையும் எப்படித் தவிர்ப்பது என்பதைப் பற்றித்தான்.

படி 1: எது சல்ஃபர் பக்வீட் என்று கண்ணால் பழகுங்கள்

எரியோகோனம் பேரினத்தில் ஏறக்குறைய 250 இனங்கள் உண்டு. அத்தனையும் வட அமெரிக்காவுக்கே உரியவை. அதில் இந்த ஒரே இனத்துக்குள் மட்டும் 41 வகைகளை 2005-இல் வெளியான வட அமெரிக்கத் தாவர நூலில் ஜேம்ஸ் ரிவீல் பிரித்துக் காட்டியிருக்கிறார். வாழ்நாள் முழுக்க இந்தப் பேரினத்தோடு மல்லுக்கட்டியவர் அவர். ஆகவே நீங்கள் மலையில் பார்த்ததும் நர்சரியில் வாங்கியதும் ஒன்றுபோல இல்லையே என்று குழம்ப வேண்டாம். இரண்டும் சரியாகவே இருக்கலாம்.

ஜூலையில் மலைப் பாதையோரம் பூத்த செடி ஒன்று கிடைத்தால் குந்தி உட்கார்ந்து பாருங்கள். கையில் பத்து மடங்கு லென்ஸ் இருந்தால் இன்னும் நல்லது. இலை கரண்டி வடிவம், கட்டைவிரல் நகத்தளவு அல்லது கொஞ்சம் பெரிது. மேல்பக்கம் பச்சை. திருப்பினால் பல வகைகளில் வெள்ளை வெளேரென்று பஞ்சு ஒட்டினாற்போல இருக்கும். இலைகள் எல்லாம் கீழேயே அடங்கிவிடும். பூத்தண்டு வழுக்கையாக நேரே மேலே போகும். அதன் உச்சியில் குட்டி இலைகள் ஒரு வட்டமாக நிற்கும், அந்த வட்டத்திலிருந்து காம்புகள் குடைக்கம்பிபோல நாலாபக்கமும் விரியும். ஒவ்வொரு காம்பின் நுனியிலும் ஒரு சின்னக் கிண்ணம். அதன் விளிம்பு மடல்கள் வெளியே மடிந்திருக்கும். அந்தக் கிண்ணத்துக்குள்ளிருந்துதான் பூக்கள் எட்டிப் பார்க்கின்றன. ஒரு பூவுக்கு ஆறு மடல், ஒன்பது மகரந்தத் தாள். பூவின் அடி குறுகி ஒரு காம்பு மாதிரி நீண்டிருக்கும். வெளிப்புறத்தில் முடி இருக்காது.

இந்தக் கடைசி அடையாளம் முக்கியம். எரியோகோனம் ஃபிளாவம் என்ற உறவுக்காரச் செடியும் மஞ்சளாகத்தான் பூக்கும். ஆனால் அதன் பூவுக்கு வெளிப்புறம் முடி அடர்ந்திருக்கும். எரியோகோனம் ஹெராக்ளியாய்டிஸ் என்று இன்னொன்று, தண்டின் நடுவிலும் ஒரு இலை வட்டம் வைத்து, வெளிர் கிரீம் நிறத்தில் பூக்கும். நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். சல்ஃபர் பக்வீட்டிலேயே கிரீம் நிற வகையும் உண்டு.

இன்னொரு ஆளிடம் ஜாக்கிரதை. ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு கொடிக்களைக்கும் இங்கே விவசாயிகள் வைல்டு பக்வீட் என்றுதான் பெயர் சொல்வார்கள். அம்பு முனை வடிவ இலையோடு கோதுமைப் பயிரைச் சுற்றிக்கொண்டு ஏறும். அதன் தாவரவியல் பெயர் ஃபல்லோப்பியா கான்வால்வுலஸ். ஆன்லைனில் விதை வாங்கும்போது ‘வைல்டு பக்வீட்’ என்று மட்டும் போட்டிருந்தால் வாங்காதீர்கள். எரியோகோனம் அம்பெல்லாட்டம் என்று முழுப்பெயர் இருக்க வேண்டும்.

படி 2: செடியை எங்கே வாங்குவது

பெரிய சங்கிலிக் கடைகளின் தோட்டப் பிரிவில் இது கிடைப்பது அபூர்வம். உள்ளூர்த் தாவரங்களை விற்கும் நர்சரிகள்தான் சரி. கொலராடோ, கலிஃபோர்னியா, ஐடஹோ மாநிலங்களில் உள்ளூர்த் தாவரச் சங்கங்கள் இருக்கின்றன. அவை நடத்தும் செடி விற்பனைக்குப் போனால் செடியும் கிடைக்கும், வளர்த்தவரிடமே பேசவும் முடியும்.

ராக்கி மலைப் பக்கம் இருப்பவர்களுக்கு ‘கானா கிரீக்’ என்ற பெயரில் விற்கும் தேர்ந்தெடுத்த வகை நல்ல தொடக்கம். கொலராடோ ஸ்டேட் பல்கலைக்கழகமும் டென்வர் பொட்டானிக் கார்டன்ஸும் சேர்ந்து நடத்தும் பிளான்ட் செலக்ட் திட்டத்தில் வெளியான செடி அது. களிமண்ணைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும், குளிர்கால நிறம் நன்றாக வரும். கலிஃபோர்னியாவில் ‘ஷாஸ்டா சல்ஃபர்’ அதிகம் விற்கிறது. அது பெரிய செடி, இரண்டு மூன்று அடி அகலத்துக்கு இடம் விட வேண்டும். யூட்டாவின் உயரமான மலைகளிலிருந்து வரும் போர்ட்டரி வகை உள்ளங்கை அளவில் தரையோடு ஒட்டியிருக்கும். கல்தொட்டியில் வைக்க அதைவிட அழகான செடி கிடையாது. ஆனால் பாதையோரத்தில் வைத்தால் காணாமல் போய்விடும்.

பெரிய தொட்டிச் செடிக்கு ஆசைப்படாதீர்கள். ஒரு காலன் தொட்டியில் புசுபுசுவென்று நிற்பதைவிட, நாலு அங்குலத் தொட்டியிலோ ஆழமான குழாய்த் தொட்டியிலோ இருக்கும் சின்னச் செடி சீக்கிரம் வேர்பிடிக்கும். விலையும் குறைவு. பூச்சிமருந்து, குறிப்பாக நியோனிகோட்டினாய்டு, போட்டு வளர்த்ததா என்று கேட்டுவிடுங்கள். ஏன் என்பது படி 6-இல் புரியும்.

மலையில் இவ்வளவு கிடக்கிறதே, ஒன்றைத் தோண்டி எடுத்து வந்தால் என்ன என்று தோன்றும். வேண்டாம். தேசியப் பூங்காக்களில் செடி, விதை எதையும் எடுக்கக் கூடாது. வனத்துறை நிலங்களில் அனுமதி வாங்க வேண்டும். சட்டம் கிடக்கட்டும், செடியே பிழைக்காது. ஆணிவேர் பாறை இடுக்கில் வெகு ஆழம் போயிருக்கும், தோண்டும்போது அறுந்துவிடும். இந்தப் பேரினத்தில் ஒரு மலைச்சரிவில் மட்டுமே வாழும் இனங்களும் இருக்கின்றன. நெவாடாவின் ரயோலைட் ரிட்ஜில் பத்து ஏக்கர் அளவு நிலத்தில் மட்டும் வளரும் டீம்ஸ் பக்வீட்டை 2022 டிசம்பரில் அமெரிக்க அரசு அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவித்தது. அதே மண்ணுக்கு அடியில் லித்தியம் இருப்பதால் சுரங்கத்துக்கும் செடிக்குமான வழக்கு வருடக்கணக்கில் நடக்கிறது. உங்கள் கண்ணுக்குச் சாதாரணமாகத் தெரியும் ஒரு மஞ்சள் பூ எந்த இனம் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாதபோது, மண்வெட்டியைக் காரிலேயே விட்டுவிடுவது நல்லது.

எச்.ஓ.ஏ. எனப்படும் வீட்டு உரிமையாளர் சங்கம் உள்ள குடியிருப்பில் இருப்பவர்களுக்கு ஒரு தகவல். கொலராடோவில் 2023-இல் வந்த சட்டம், தனிவீட்டுக்காரர்கள் தண்ணீர் குறைவாகத் தேவைப்படும் தோட்டம் போடுவதற்கு வழிசெய்து, எச்.ஓ.ஏ. முன்கூட்டியே ஒப்புக்கொண்ட தோட்ட வடிவங்களை வைத்திருக்க வேண்டும் என்கிறது. புல்லைக் கிளறும் முன் அந்த வடிவங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 3: இடமும் மண்ணும்

ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். தெற்கு, மேற்குப் பார்த்த சரிவு இருந்தால் யோசிக்காமல் அங்கேயே வையுங்கள். டிரைவ்வே ஓரம், அஞ்சல்பெட்டியைச் சுற்றி, கற்சுவரின் மேல் விளிம்பு எல்லாம் தோது. புல்தரைக்குத் தண்ணீர் அடிக்கும் ஸ்பிரிங்க்ளரின் எல்லைக்குள் மட்டும் வைக்காதீர்கள். வாரம் மூன்று முறை இலைமேல் தண்ணீர் விழுந்தால் செடியின் அடிக்கழுத்து அழுகிவிடும்.

டென்வரைச் சுற்றியுள்ள பல இடங்களில் மண் பென்டோனைட் கலந்த களி. நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். உங்கள் மண் எப்படி என்று தெரிய ஒரு அடி ஆழத்துக்குக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாவது தடவை ஊற்றியது சில மணி நேரத்தில் வடிந்தால் அப்படியே நடலாம். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் மேடு கட்டித்தான் ஆக வேண்டும்.

மேடு என்றால் எட்டிலிருந்து பன்னிரண்டு அங்குல உயரம். பருமணலும் பொடிச் சரளையும் உங்கள் மண்ணோடு கலந்து குவியுங்கள். மணல் பாதிக்குமேல் இருக்கட்டும். களிமண்ணில் இரண்டு கூடை மணலைத் தூவிக் கிளறுவது உதவாது, செங்கல்தான் கிடைக்கும். குழியின் அடியில் கல் பரப்பிவிட்டு மேலே நடும் பழக்கமும் வேண்டாம், தண்ணீர் கல்லுக்குமேல் உள்ள மண்ணிலேயே தேங்கி நிற்கும். மண்ணுக்கு மேலே உயர்வதுதான் வழி.

கம்போஸ்ட், மாட்டெரு, மண்புழு உரம் எதுவும் கூடாது. இதைச் சொன்னால் நம்மவர்கள் முகம் சுருங்குகிறது. ஒரு கைப்பிடியாவது போடலாமா என்று கேட்கிறார்கள். போட்டால் முதல் வருடம் தழைத்து வரும், பூத்தண்டுகள் நீண்டு சாயும், இரண்டு மூன்று குளிர்காலத்தில் செடி போய்விடும். கறிவேப்பிலைத் தொட்டிக்கு வையுங்கள் அந்த உரத்தை.

படி 4: நடும் நாள்

குளிர் கடுமையான இடங்களில் ஏப்ரல் கடைசியிலிருந்து மே மாதத்துக்குள், அல்லது செப்டம்பரில். கலிஃபோர்னியாவின் தாழ்வான பகுதிகளில் முதல் மழைக்குப் பிறகு, அக்டோபர், நவம்பரில். ஜூலையில் தள்ளுபடி விலைக்குக் கிடைத்தாலும் நடாதீர்கள்.

பலரும் தாண்டிப் போய்விடுகிற ஒரு வேலை இதில் இருக்கிறது. நர்சரித் தொட்டியில் இருப்பது பெரும்பாலும் பீட் (சதுப்புநிலத்தில் மட்கிய பாசி) கலந்த கலவை. அதை வேரோடு அப்படியே மணல் மேட்டில் வைத்தால், பீட் ஒரு தடவை முழுக்கக் காய்ந்துவிட்டால் பிறகு தண்ணீரையே உறிஞ்சாது. சுற்றி மண் ஈரமாக இருக்கும், நடுவில் வேர் காய்ந்து கிடக்கும். மேலும் வேர்கள் அந்தப் பஞ்சுக் கலவையை விட்டு வெளியே வர மனமில்லாமல் உள்ளேயே சுற்றும். அதனால் இப்படிச் செய்யுங்கள்:

செடியைத் தொட்டியோடு ஒரு வாளித் தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவிடுங்கள். தொட்டியிலிருந்து உருவி, வாளிக்குள்ளேயே வேரைப் பிடித்து மெல்ல ஆட்டுங்கள். கலவை கரைந்து விழும். பாதிக்கும் மேல் போனால் போதும், முழுதாகக் கழுவ வேண்டாம், மெல்லிய வேர்கள் அறுந்துவிடும். வட்டமாகச் சுற்றிய வேர் தெரிந்தால் விரலால் பிரித்துவிடுங்கள். இந்த வேலையை மாலை வேளையில், அல்லது மேகமூட்டமான நாளில் செய்யுங்கள். வேர் வெயிலில் ஐந்து நிமிடம் காய்ந்தாலும் செடிக்கு அடிதான்.

குழி அகலமாக இருக்கட்டும். வேரை நேராகத் தொங்கவிட்டு, தோண்டிய அதே மண்ணைத் தள்ளுங்கள். தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதி சுற்றியுள்ள தரையைவிட அரை அங்குலம் உயரத்தில் நிற்க வேண்டும். மண் இறங்கியதும் சமமாகும். ஒரு காலன் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். பிறகு கழுத்தைச் சுற்றி ஒன்றரை, இரண்டு அங்குல கனத்துக்குப் பொடிச் சரளை பரப்புங்கள். மரப்பட்டைத் துண்டுகள் வேண்டவே வேண்டாம். அவை ஈரத்தைக் கழுத்தில் பிடித்துவைக்கும். சரளைக்கு அடியில் கறுப்புத் துணி விரிப்பதும் தேவையில்லை, பின்னால் தானாக முளைக்கும் நாற்றுகளுக்கு அது தடை.

செடிக்குச் செடி இரண்டடி. முதல் வருடம் இடைவெளி வெறிச்சென்று இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். முயல் தொல்லை உள்ள இடம் என்றால் முதல் வருடத்துக்கு மட்டும் கோழிவலையை வளைத்து மூடுங்கள். வறட்சியில் அணில், எலி வகையறா பக்வீட் வேரையே தோண்டித் தின்னும். மேலே சொன்ன டீம்ஸ் பக்வீட்டில் 2020-இல் ஆயிரக்கணக்கான செடிகள் சிதைந்து கிடந்தபோது ஆள் வேலையோ என்று சந்தேகம் எழுந்து, கடைசியில் மரபணுச் சோதனையில் கொறிவிலங்குகள்தான் என்று தெரியவந்தது.

படி 5: தண்ணீர்

நட்ட முதல் இரண்டு வாரம், மூன்று நாளைக்கு ஒரு தடவை. அதன்பிறகு முதல் கோடை முடியும் வரை வாரம் ஒரு தடவை, ஆழமாக. ஊற்றுவதற்கு முன் சரளையை விலக்கி விரலை மண்ணில் இரண்டு அங்குலம் விடுங்கள். ஈரம் தட்டுப்பட்டால் அன்று விட்டுவிடுங்கள். இரண்டாவது கோடையில் இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒரு தடவை போதும். மூன்றாவது வருடத்திலிருந்து, ஒன்றரை மாதம் மழையே இல்லை என்றால் ஒரு தடவை. அவ்வளவுதான்.

கொலராடோவில் குளிர்காலம் சில வருடம் பனியே இல்லாமல் காய்ந்து போகும். நட்ட முதல் குளிர்காலத்தில் மட்டும், ஐந்தாறு வாரம் பனி விழவில்லை என்றால், வெயில் அடிக்கும் ஒரு மதியத்தில், மண் உறையாமல் இருக்கும்போது கொஞ்சம் ஊற்றலாம்.

வயலில் விதைக்காக இதைப் பயிர் செய்கிறவர்களும் தண்ணீர் விஷயத்தில் கஞ்சர்கள்தான். ஓரிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் மல்ஹியூர் ஆய்வு நிலையத்தில் ஒரு பருவத்துக்கு ஒன்றுமில்லை, 100 மில்லிமீட்டர், 200 மில்லிமீட்டர் என்று மூன்று அளவில் சொட்டுநீர் கொடுத்துப் பார்த்தார்கள். வறண்ட வருடங்களில் அந்தக் கொஞ்ச நீருக்கு விதை கூடியது. மழை நன்றாக இருந்த வருடங்களில் கூடுதல் நீரால் லாபம் இல்லை. விதை விற்றுப் பணம் பார்ப்பவர்களே அவ்வளவுதான் கொடுக்கிறார்கள் என்றால், பூப் பார்ப்பதற்கு மட்டும் வைத்திருக்கும் நாம் இன்னும் கையைக் கட்டிக்கொள்ளலாம்.

படி 6: பூவும் பூச்சியும், கத்தரியும்

பூத்த செடிமேல் காலை பத்து மணிக்குப் போய் நின்றால் உள்ளூர்த் தேனீக்கள், தேனீக்கள் மாதிரி வேடம்போட்ட ஈக்கள், குளவிகள், வண்டுகள் எல்லாம் கூட்டமாக இருக்கும். அதில் கட்டைவிரல் நகத்தளவு நீல நிறத்தில் ஒரு பட்டாம்பூச்சி தாழப் பறந்தால் நின்று கவனியுங்கள். யூஃபிலோட்டஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்த நீலன்களாக இருக்கலாம். அவற்றின் வாழ்க்கையே பக்வீட்தான். தாய் மொட்டில் முட்டை வைக்கும். புழு பூவையும் இளம் விதையையும் தின்று வளரும். புழு சுரக்கும் இனிப்புக்காக எறும்புகள் கூடவே நின்று காவல் காக்கும். வளர்ந்த புழு இறங்கிச் செடியின் அடிச் சருகிலேயே கூட்டுப்புழுவாகி, அடுத்த வருடம் அதே செடி பூக்கும் நேரத்துக்குத்தான் வெளியே வரும். வருடத்துக்கு ஒரே தலைமுறை.

நர்சரியில் பூச்சிமருந்து பற்றிக் கேட்கச் சொன்னது இதற்காகத்தான். அடியில் கிடக்கும் சருகை இலை ஊதும் மிஷினால் ஊதித் தள்ளாதீர்கள். பூக்கள் காய்ந்ததும் உடனே வெட்டவும் வேண்டாம். பழுப்புக் கொத்துகள் பார்க்கவும் நன்றாகத்தான் இருக்கும்.

எந்தப் பக்வீட் என்பதும் இந்தப் பூச்சிகளுக்கு முக்கியம். லாஸ் ஏஞ்சல்ஸ் விமான நிலையத்தை ஒட்டிய மணல்மேடுகளில் வாழும் எல் செகுண்டோ நீலன், 1976-இல் அழிவின் விளிம்பில் உள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டது. அதற்கு வேண்டியது கடற்கரைப் பக்வீட். ஆனால் மேடுகளைச் சீர்செய்கிறோம் என்று அந்த எழுபதுகளில் அங்கே விதைத்தது கலிஃபோர்னியா பக்வீட். அது முன்கூட்டியே பூத்து வேறு பூச்சிகளின் புழுக்களைப் பெருக்கிவிட, அவை நீலனின் பூவுக்குப் போட்டியாக வந்து சேர்ந்தன. பிறகு அந்தப் பக்வீட்டைப் பிடுங்கிவிட்டுச் சரியானதை நட வேண்டியதாயிற்று. நல்ல மனசோடு தப்பான செடியை நட்டால் வரும் வினை. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள மலையில் எந்த வகை வளர்கிறதோ, அதன் விதையில் வந்த செடி கிடைத்தால் நர்சரியில் தேர்ந்தெடுத்து விற்கும் எந்தப் புது வகையையும்விட அதற்கே முதலிடம் கொடுங்கள்.

கத்தரிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. வசந்தத்தின் தொடக்கத்தில் பழைய பூத்தண்டுகளை மட்டும் வெட்டி, அந்தத் துண்டுகளைச் செடியின் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள். இலையில்லாத கட்டைத் தண்டுவரை வெட்டினால் அங்கே துளிர் வருவது சந்தேகம்.

படி 7: விதையிலிருந்து வளர்க்க விரும்பினால்

இது பொறுமைக்காரர்களுக்கு. மூன்றாவது வருடம் பூ பார்க்கலாம், அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டாவது வருடமே. ஆனால் பத்துச் செடி வாங்கும் செலவில் நூறு செடி கிடைக்கும்.

சொந்தச் செடியில் விதை எடுக்க, பூ செங்கல் நிறமாகிக் காயும் வரை காத்திருங்கள். ஆகஸ்டு சுமாருக்கு இருக்கும். ஒரு கொத்தை உள்ளங்கையில் வைத்துக் கசக்குங்கள். காய்ந்த மடல்கள் பொடியாகி, நடுவில் மூன்று பட்டையுள்ள பழுப்பு விதைகள் நிற்கும், அரிசி நொய்யைவிடக் கொஞ்சம் பெரிது. நகத்தால் அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் உள்ளே பருப்பு இருக்கிறது, பொசுக்கென்று அமுங்கினால் பொக்கு. பொக்கு நிறையவே இருக்கும், மனம் தளர வேண்டாம். நிழலில் உலர்த்திக் காகித உறையில் வையுங்கள், பிளாஸ்டிக் பையில் ஈரம் கட்டும். பொதுநிலத்தில் அனுமதியோடு சேகரிப்பவர்களுக்கு அரசின் விதைச் சேகரிப்புத் திட்டம் வைத்திருக்கும் விதி, முதிர்ந்த விதையில் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் எடுக்கக் கூடாது என்பது. விலைக்கு வாங்குவதென்றால் சின்னப் பொட்டலமே போதும், ஒரு பவுண்டில் ஏறக்குறைய இரண்டு லட்சம் விதை இருக்கும்.

இந்த விதை நேரே மண்ணில் போட்டால் முளைக்காது. குளிர்காலம் கடந்துவிட்டது என்று அதற்குத் தெரிய வேண்டும். ஈரமும் குளிரும் சேர்ந்து இரண்டு, மூன்று மாதம். உயரமான மலையில் சேகரித்த விதைக்கு அதிக நாள், தாழ்வான இடத்து விதைக்குக் குறைவு. ஈரமில்லாத உறையை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு ஏன் முளைக்கவில்லை என்று கேட்கக் கூடாது.

சுலபமான வழி வெளியிலேயே விதைப்பது. நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரிக்குள், ஆழமான தொட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு அங்குலமாவது ஆழம் வேண்டும். பெர்லைட் என்ற வெள்ளைப் பொரிகல்லோ பொடிச் சரளையோ பாதி, சாதாரணத் தொட்டிக்கலவை பாதி. விதையைத் தூவி, மேலே பொடிக்கல்லை மெல்லிய அடுக்காகப் போடுங்கள். எலிக்கும் குருவிக்கும் எட்டாமல் கம்பிவலை போட்டு, வீட்டின் வடக்குப் பக்க நிழலில் வைத்துவிடுங்கள். அங்கே விழுந்த பனி சீக்கிரம் உருகாது, ஈரம் நிற்கும். பனி இல்லாத வாரங்களில் மட்டும் தொட்டி காய்ந்துவிட்டதா என்று பாருங்கள்.

இடமில்லாதவர்கள் ஈரமணலில் விதையைக் கலந்து ஜிப் பையில் போட்டு, 4 டிகிரி செல்சியஸ் அளவில் ஃபிரிட்ஜில் வைக்கலாம். பையின்மேல் தேதியும், வீட்டில் உள்ளவர்களுக்காக ‘சமைக்க அல்ல’ என்றும் எழுதிவிடுங்கள். ஆறாவது வாரத்திலிருந்து அவ்வப்போது எடுத்துப் பாருங்கள். குளிருக்குள்ளேயே வெள்ளை வேர் நீட்டும் விதைகள் இருக்கும், அவற்றை உடனே தொட்டிக்கு மாற்ற வேண்டும்.

மார்ச், ஏப்ரலில் நாற்று தலைகாட்டும். முதல் இரண்டும் வித்திலை. அதன்பிறகு வரும் உண்மையான இலையைத் திருப்பினால் வெள்ளைப் பஞ்சு தெரியும், களையா செடியா என்ற சந்தேகம் அங்கே தீர்ந்துவிடும். மேலே நாலு இலைதான் இருக்கும், அதற்குள் வேர் தொட்டியின் அடியைத் தொட்டிருக்கும். அதனால்தான் ஆழமான தொட்டி. தண்ணீரை அடியிலிருந்து கொடுங்கள், தட்டில் ஊற்றி உறிஞ்சவிட்டு மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். மேலே தெளித்தால் நாற்றுத் தண்டு அழுகிச் சாயும். ஆறு இலை வந்ததும் தனித் தொட்டி, செப்டம்பரில் நிலம்.

ஏதாவது தப்பாகப் போனால்

நடு மே மாதத்தில் செடியின் ஒரு பக்கம் மட்டும் திடீரென்று பழுப்பானால் கழுத்தைச் சுற்றிய சரளையை விலக்கிப் பாருங்கள். தோல் கறுத்துக் கொழகொழவென்றிருந்தால் அழுகல், காப்பாற்றுவது கடினம். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டு வேறு செடி வையுங்கள். கோடை மதியத்தில் இலை வெளிறித் தொங்கினால் பயப்பட வேண்டாம், மாலையில் நிமிர்கிறதா என்று மட்டும் பாருங்கள். அக்டோபரில் இலை சிவந்தால் நோய் இல்லை, நிறமே அதுதான். இதைப் பார்த்துப் பயந்து உரம் போடுகிறவர்கள் அதிகம்.

பூக்கவே இல்லை என்றால் நிழலாக இருக்கும், அல்லது பக்கத்துப் புல்தரைக்குப் போட்ட உரம் வழிந்து வருகிறது. வசந்தத்தில் சீட்கிராஸ் என்ற வெளிநாட்டுப் புல் நடுவில் முளைத்தால் விதை கட்டும் முன் பிடுங்கிவிடுங்கள். மேற்கு மாநிலங்களில் காட்டுத்தீ பரவ அந்தப் புல் ஒரு பெரிய காரணம்.

செடிக்கு வயதாகும்போது நடுப்பகுதி கட்டையாகி வழுக்கை விழும். அதை நிரப்ப முடியாது, பிரித்தும் நட முடியாது. அந்தச் சமயத்துக்குள் சுற்றியுள்ள சரளையில் தானாக முளைத்த நாற்றுகள் இருக்கும். இடம்மாற்ற வேண்டியவற்றை இரண்டு, நாலு இலைப் பருவத்திலேயே ஒரு ஸ்பூனால் ஆழமாகத் தோண்டி மாற்றிவிடுங்கள். அதைத் தாண்டினால் வேர் இறங்கிவிடும், அது முளைத்த இடம்தான் அதற்கு இடம்.